நகையும் களவும்: டோபி கில்லிஸ் முதல் கனா காணும் காலங்கள் வரை பதின்பருவக் காதலின் தொலைக்காட்சி வடிவங்கள்

ஆய்வுச்சுருக்கம்

பதின்பருவத்தினரின் பள்ளி வாழ்வையும் காதலையும் நகைச்சுவைப் பொருளாக்கிய அமெரிக்கச் சூழல் நகைச்சுவைத் தொடர் (சிட்காம்) தமிழ்த் தொலைக்காட்சிக்கு வந்தபோது நகைச்சுவைத் தொடராக நிலைபெறவில்லை. அன்றாட நெடுந்தொடராக உருமாறியது. இம்மாற்றத்திற்கான காரணங்களைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் நகைக் கோட்பாட்டையும், தொலைக்காட்சி ஒளிபரப்பின் நடைமுறைகளையும், தமிழ்ச் சமூகத்தில் இளையோர் காதலுக்கு உள்ள விலையையும் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. 1959ஆம் ஆண்டின் டோபி கில்லிஸ் தொடரும் 2006ஆம் ஆண்டின் கனா காணும் காலங்கள் தொடரும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, நகை, களவு, அலர், பதின்பருவம், சூழல் நகைச்சுவைத் தொடர், விஜய் தொலைக்காட்சி.

முன்னுரை

தமிழில் தொலைக்காட்சித் தொடர் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மாமியார் மருமகள் கதைகளையும் பெண் சித்திரிப்பையும் சுற்றியே அமைந்துள்ளன. அவ்வாய்வுகளின் தேவையை மறுப்பதற்கில்லை. எனினும், பள்ளிச் சீருடையணிந்த இளையோரை நடுநாயகமாக வைத்த தொடர்கள் ஆய்வாளர் கவனத்திற்கு உரிய அளவில் வரவில்லை. அவை சிறுபிள்ளை விளையாட்டாகக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டிருக்கலாம். சிறுபிள்ளைத்தனம் இலக்கணத்தில் இடம்பெறத் தகாத பொருள் என்று தொல்காப்பியர் கருதவில்லை. நகை பிறக்கும் நான்கு களங்களுள் ஒன்றாக அவர் இளமையை வைத்தார் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

பதின்பருவம் என்னும் சொல் தமிழில் அண்மைக்கால ஆக்கம். ஆனால் அப்பருவத்தைப் பிரித்து நோக்கும் பார்வை புதியதன்று. பாட்டியல் நூல்கள் பெண்பாற் பருவங்களை ஏழாக வகுத்தபோது 14 முதல் 19 வரையிலான அகவையை மடந்தை என்றன. ஆங்கிலத்தில் ‘டீன்’ என்னும் ஈற்றைக் கொண்டு 13 முதல் 19 வரை எண்ணும் வழக்கோடு இது ஏறத்தாழ ஒத்து வருவது வியப்பளிக்கிறது. ஆண்பாற் பருவப் பெயர்களும் அந்நூல்களில் உண்டு. அவை பெண்பாற் பெயர்களைப் போல வழக்கில் பரவவில்லை.

டோபி கில்லிஸ்: கடைக்காரர் மகனும் அவன் காதல்களும்

மேக்ஸ் ஷுல்மன் எழுதிய சிறுகதைகளை அடிப்படையாகக் கொண்டு ‘தி மெனி லவ்ஸ் ஆஃப் டோபி கில்லிஸ்’ என்னும் தொடர் சி.பி.எஸ். வலையமைப்பில் 1959 முதல் 1963 வரை ஒளிபரப்பாயிற்று. நான்கு பருவங்களில் 147 அத்தியாயங்கள். பெற்றோர் கதையில் பிள்ளைகள் வந்துபோகும் அக்காலத் தொடர்களிலிருந்து விலகி, பிள்ளைகளின் கதையில் பெற்றோர் வந்துபோகுமாறு அமைத்த தொடக்ககாலத் தொடர்களுள் இது குறிப்பிடத்தக்கது. போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக் கல்வி பரவலாகி, இளையோர் கையில் செலவுப் பணமும் ஓட்டிச் செல்ல வாகனமும் வந்துசேர்ந்த காலம் அது. விளம்பரதாரர்கள் அவ்விளையோரைத் தனிச் சந்தையாகக் கண்டுகொண்டிருந்தனர்.

கதைக்களம் எளியது. டோபி (டுவைன் ஹிக்மன்) ஒரு மளிகைக் கடைக்காரரின் மகன். ஒவ்வொரு வாரமும் ஓர் அழகியிடம் மனத்தைப் பறிகொடுப்பான், அவ்வாரத்திற்குள்ளேயே ஏமாறுவான். ரோடின் செதுக்கிய ‘சிந்தனையாளன்’ சிலையின் நகல் ஒன்று பூங்காவில் நிற்கும். அதன்முன் அமர்ந்து டோபி பார்வையாளரை நோக்கி நேரடியாகத் தன் நிலையைச் சொல்வான். அகப்பாடல்களில் தலைவன் நெஞ்சொடு கிளத்தலை அறிந்த வாசகருக்கு இவ்வுத்தி புதிதாகத் தோன்றாது. வேறுபாடு ஒன்று உண்டு: அகத்தலைவன் தன் நெஞ்சிடம் மட்டும் பேசுகிறான்; நாம் ஒட்டுக்கேட்கிறோம். டோபியோ நம்மை அழைத்து உட்கார வைத்துச் சொல்கிறான். ஒட்டுக்கேட்பவரைவிட அழைக்கப்பட்டவரே எளிதில் சிரிக்கிறார்.

டோபியின் தோழன் மேனார்டு ஜி. கிரெப்ஸ் (பாப் டென்வர்) தாடியும் கசங்கிய சட்டையுமாகத் திரியும் ‘பீட்னிக்’ இளைஞன். வேலை என்னும் சொல் காதில் விழுந்த கணமே அலறித் துள்ளுவான். தாலியா (டியூஸ்டே வெல்ட்) டோபி பின்தொடரும் அழகி. அவளுக்குப் பணம் வேண்டும், தனக்காக அன்று, நலிந்த தன் குடும்பத்திற்காக என்பாள். செல்டா கில்ராய் (ஷீலா ஜேம்ஸ்) டோபியைப் பின்தொடரும் அறிவாளிப் பெண். அவள் மூக்கைச் சுளித்துக் காட்டினால், டோபி தன்னையறியாமல் மூக்கைச் சுளித்துவிடுவான். உடல்வழி வெளிப்படும் உணர்வே மெய்ப்பாடு என்றால், மனம் மறுப்பதை மெய் ஒப்புக்கொள்ளும் இக்குறிப்பு மெய்ப்பாட்டியல் வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்கது. செல்டாவை மட்டும் மையப்படுத்தித் தனித்தொடர் ஒன்று முயலப்பட்டுக் கைவிடப்பட்டது. அவ்வேடமேற்றவர் பின்னாளில் ஷீலா கியூல் என்னும் பெயரில் சட்டம் பயின்று, 1994இல் கலிபோர்னியச் சட்டமன்றத்திற்குத் தேர்வானார். தம் தற்பாலீர்ப்பை வெளிப்படையாக அறிவித்தவருள் அம்மன்றத்திற்குச் சென்ற முதலாமவர் அவர். பதின்பருவக் காதலை எழுதியோர் எத்தனை வகைக் காதலைத் தம் கண்முன்னே காணாமல் விட்டனர் என்பதற்கு இது ஒரு சான்று.

நகையின் நான்கு களங்கள்

மெய்ப்பாட்டியல் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகைக்குக் களம் என்கிறது. இந்நான்கும் தன்னிடத்துத் தோன்றுதல், பிறரிடத்துத் தோன்றுதல் என இருவழிப்படும் என்பர் உரையாளர். பேதைமையும் மடனும் ஒன்றுபோல் தோன்றும். அறியாமை பேதைமை, ஒருவர் ஊட்டியதை ஏற்று, ஏற்றதை விடாது பற்றியிருத்தல் மடன் என உரைமரபு வேறுபடுத்துகிறது. இவ்வேறுபாடு மிகப் பயனுடையது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. டோபி கில்லிஸ் தொடரின் நகைச்சுவை எங்கிருந்து பிறக்கிறது என்பதை அமெரிக்கத் திறனாய்வுச் சொற்களைவிட இந்நான்கு சொற்கள் துல்லியமாகக் காட்டுகின்றன.

மேனார்டின் நகை பேதைமை வழிப்பட்டது. உலகியல் அவனுக்குத் தெரியாது. தெரியாமை அவனை வருத்துவதுமில்லை. டோபியின் நகை மடன் வழிப்பட்டது. அடுத்து வரும் பெண்ணே மெய்க்காதலி என்னும் நம்பிக்கையைத் திரைப்படங்களும் பாடல்களும் அவனுக்கு ஊட்டியுள்ளன. 147 முறை பொய்த்தும் அதை அவன் விடுவதில்லை. தந்தை ஹெர்பர்ட் (ஃபிராங்க் ஃபேலன்) எள்ளலின் உருவம். இம்மூன்றுக்கும் அடியில் நீர்மட்டம்போல் இளமை விரவிக் கிடக்கிறது. இளமையைக் கண்டு நகைப்பது எவ்வாறு இயல்கிறது? அது கடந்துபோகும் என்பதை நகைப்பவர் அறிந்திருப்பதாலேயே இயல்கிறது. கடந்துபோகாது, இன்றே முடிந்துவிடும் என்னும் அச்சம் இருக்குமாயின் அங்கு நகை பிறக்காது. அச்சமோ அழுகையோ பிறக்கும்.

இங்கு ஒரு செய்தி கவனத்திற்குரியது. தொடக்க அத்தியாயங்களில் தந்தை ஹெர்பர்ட், இந்தப் பையனைக் கொல்லாமல் விடப்போவதில்லை என்னும் பொருள்படச் சலித்துக்கொள்வது வழக்கம். பார்வையாளர் சிரிப்பர். பின்வந்த பருவங்களில் அச்சலிப்புமொழி கைவிடப்பட்டது. அமெரிக்க வீடுகளில் அதை வெறும் சொல்லாகக் கொள்ள முடிந்தபோதே சிலருக்கு அது உறுத்தியிருக்கிறது. காதலித்த மகனையோ மகளையோ கொல்வேன் என்று ஒரு தந்தை கூறுவதைத் தமிழ்த் தொலைக்காட்சியில் சிரிப்பொலியோடு ஒளிபரப்ப இயலுமா என்னும் வினாவை இப்போதைக்கு நிறுத்திவைப்போம்.

கற்பைச் சிரித்த தமிழ்த் தொலைக்காட்சி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கப்பெற்றது. 1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி வந்தது. இக்காலப்பகுதியில் மேடை நாடகக் குழுக்களிலிருந்து வந்த எழுத்தாளர்களே தொலைக்காட்சி நகைச்சுவையை வளர்த்தனர். அவர்கள் கைக்கொண்ட களம் பெரிதும் இல்லறம். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரிக்க, நாகா இயக்கி 1998இல் ராஜ் தொலைக்காட்சியில் வந்த ‘ரமணி வெர்சஸ் ரமணி’ தமிழின் செம்மையான சூழல் நகைச்சுவைத் தொடர் எனத் தயங்காமல் சொல்லலாம். அதன் நாயகர் மணமான இருவர். ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’வின் நகை மாமியார் மருமகள் உறவில் பிறந்தது. களவு, கற்பு என்னும் இருவகைக் கைகோளில் தமிழ்த் தொலைக்காட்சி கற்பையே சிரிக்கத்தக்கதாகக் கொண்டது. களவை அது தொடவில்லை.

களவைத் தொட்டது திரைப்படம். 1981ஆம் ஆண்டில் மட்டும் பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’யும் பாரதி-வாசு இயக்கிய ‘பன்னீர் புஷ்பங்க’ளும் வெளிவந்தன. முன்னதில் சமய வேறுபாடு. பின்னதில் உதகைப் பள்ளியொன்றின் மாணவர் காதல். 2004இல் வந்த பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ மதுரைப் பள்ளி மாணவிக்கும் இருசக்கர வாகனம் பழுதுநீக்கும் இளைஞனுக்கும் இடையிலான காதலைக் காட்டி, அவ்விளைஞன் அடிபட்டுச் சித்தம் பேதலித்துத் தெருவில் அலைவதில் முடிந்தது. பதின்பருவக் காதல் தமிழ்த் திரையில் ஒன்று கண்ணீராக வந்தது, அன்றேல் ‘அழகி’ (2002), ‘ஆட்டோகிராப்’ (2004), ‘96’ (2018) ஆகியவற்றைப் போல இழந்துவிட்ட ஒன்றின் நினைவாக வந்தது. நகையாக வந்தது குறைவு.

இந்தியில் நிலை சற்று வேறு. 1996இல் சோனியில் ‘ஜஸ்ட் மொஹப்பத்’, 1998இல் ஜீ தொலைக்காட்சியில் ‘ஹிப் ஹிப் ஹுர்ரே’, 2004இல் ஸ்டார் ஒன்னில் அர்ஜென்டினத் தொடரொன்றைத் தழுவிய ‘ரீமிக்ஸ்’ எனப் பள்ளித் தொடர்கள் வந்தன.

கனா காணும் காலங்கள்

ஸ்டார் குழுமம் 2001இல் விஜய் தொலைக்காட்சியைத் தன்வயப்படுத்திய பின், இளைய பார்வையாளரை ஈர்க்கும் நிகழ்ச்சிகளை அந்நிலையம் நாடிற்று. அவ்வரிசையில் 2006இல் தொடங்கியது ‘கனா காணும் காலங்கள்’. மேனிலைப் பள்ளி மாணவர் குழு ஒன்றின் நட்பு, குறும்பு, தேர்வச்சம், காதல் ஆகியவை அதன் பொருள். செல்வராகவனின் ‘7ஜி ரெயின்போ காலனி’ (2004) படத்தில் யுவன் சங்கர் ராஜா இசையில் நா. முத்துக்குமார் எழுதிய பாடலின் தொடக்கமே தொடரின் பெயராயிற்று. அப்படமும் காதலியின் சாவில் முடிவது. துயரக் கதையொன்றிலிருந்து பெயரைக் கடன்வாங்கி மகிழ்ச்சியான தொடர் ஒன்றுக்கு இட்டிருக்கிறார்கள். இதில் ஆழ்ந்த நோக்கம் தேட வேண்டியதில்லை, பாடல் எல்லார் வாயிலும் இருந்தது என்பதே போதிய காரணம்.

அறிமுகமில்லா இளையோர் பலர் இதில் நடித்தனர். அவர்களுட் சிலர் ‘பட்டாளம்’ (2009) என்னும் பள்ளிக்கதைப் படத்தில் தோன்றினர். பிளாக் பாண்டி, வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’வில் (2010) நாயகனின் நண்பனாக நடித்தார். பள்ளிக் கதையை அடுத்துக் கல்லூரிக் கதையாக ‘கல்லூரிச் சாலை’ என்னும் தொடர்ச்சியும் வந்தது. நடிகர் கவின் அதில்தான் முதலில் தோன்றினார். டோபி கில்லிஸும் பள்ளியில் தொடங்கி, சிறிதுகாலம் படைமுகாமில் தங்கி, இளநிலைக் கல்லூரிக்குச் சென்றவன். நடிகருக்கு அகவை கூடும்போது பாத்திரத்தை ஒரே வகுப்பில் உட்கார வைக்க இயலாது என்னும் நடைமுறைச் சிக்கலை இரு நாட்டினரும் ஒரே வகையில் தீர்த்துள்ளனர்.

ஆனால் வடிவத்தில் பெருவேறுபாடு. சூழல் நகைச்சுவைத் தொடரின் அச்சாணி மீட்டமைவு. அரைமணி நேரத்தில் எழும் சிக்கல் அவ்வரைமணிக்குள் தீர்ந்து, அடுத்த வாரம் எல்லாம் பழையபடி தொடங்கும். டோபி இந்த வாரம் அழுத பெண்ணை அடுத்த வாரம் நினைப்பதில்லை. தமிழ்த் தொடரோ வாரநாள்தோறும் வருவது. டோபி கில்லிஸ் நான்காண்டுகளில் கடந்த 147 அத்தியாயங்களை வாரம் ஐந்து என்னும் கணக்கில் ஏறத்தாழ 30 வாரங்களில் கடந்துவிடலாம். அவ்வளவு விரைவில் அவ்வளவு கதையை எழுதவேண்டிய எழுத்தாளர், ஒவ்வொரு நாளும் புதுச் சிக்கலைப் படைத்துத் தீர்ப்பது அரிது. ஒரு சிக்கலை வாரக்கணக்கில் இழுப்பதே இயலக்கூடியது. இழுக்கப்படும் காதல் விளையாட்டாக இருக்க முடியாது. அதற்கு நினைவு உண்டு, பின்விளைவு உண்டு, அலர் உண்டு. நகை உதிரி நிகழ்ச்சிகளுக்கும் துணைப்பாத்திரங்களுக்கும் ஒதுங்கிவிடுகிறது. மேனார்டு எஞ்சினான், டோபி மாறிவிட்டான் எனலாம்.

வேளச்சேரியில் ஒரு வரவேற்பறை

இவ்விடத்தில் இக்கட்டுரையாளரின் நினைவொன்றைச் சேர்ப்பதற்கு வாசகர் இசைவர் என நம்புகிறேன். தொடர் தொடங்கியபோது எனக்கு வயது 10. வேளச்சேரியில் தண்டீசுவரர் கோயிலுக்கு நடந்துபோகும் தொலைவில் வாடகை வீடு. பறக்கும் ரயில் வேளச்சேரி வரை நீண்டது 2007 நவம்பரில். அதுவரை பள்ளிக்கும் கடைக்கும் பேருந்தே. ஏரியும் வயலும் இருந்த இடங்களில் அடுக்ககங்கள் எழுந்து, ஊர் நகரமாகிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரே தொலைக்காட்சிப் பெட்டி, வரவேற்பறையில். பாட்டி, பெற்றோர், நான், அக்காள் ஐவரும் பார்ப்போம்.

தொடரில் மாணவனும் மாணவியும் தனியே நின்று பேசத் தொடங்கினால் தந்தையார் ஒன்றும் சொல்லாமல் செய்திக்கு மாற்றிவிடுவார். சற்று நேரங்கழித்துத் திருப்பும்போது நண்பர்கள் உணவு இடைவேளையில் சண்டையிட்டுக்கொண்டிருப்பார்கள். கதை எதுவும் விடுபட்டதாக எங்களுக்குத் தோன்றியதில்லை. பல ஆண்டுகள் அதை நட்பைப் பற்றிய தொடர் என்றே நான் எண்ணியிருந்தேன். அக்காளோ காதலைப் பற்றிய தொடர் என்கிறாள். அவள் மறுநாள் பள்ளியில் விடுபட்ட பகுதிகளைக் கேட்டறிந்திருக்கிறாள். ஒரே வீட்டில் இரு தொடர்கள் ஓடியுள்ளன.

இந்நினைவு ஒரு வீட்டின் செய்தியே ஆயினும், ஒளிபரப்பின் இயல்பொன்றை அது காட்டுகிறது. 2003 செப்டம்பரில் சென்னையில் நிபந்தனை அணுகல் முறை நடைமுறைக்கு வந்தபின், கட்டண அலைவரிசைகளைப் பார்க்கத் தனிப்பெட்டி வேண்டியிருந்தது. பல வீடுகள் அதை வாங்கவில்லை. 2006 செப்டம்பர் முதல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியது. இவ்விரண்டும் சேர்ந்து ஒரு சூழலை உருவாக்கின: பெட்டி பரவலாயிற்று, ஆனால் வீட்டுக்கு ஒன்றாகவே பரவிற்று. அமெரிக்காவில் போலத் தனிச் சந்தையாக இளையோரைப் பிரித்தெடுத்து அவர்களுக்கு மட்டும் சொல்லும் கதையைத் தமிழ் ஒளிபரப்பாளர் சொல்ல இயலவில்லை. பாட்டியும் பேத்தியும் ஒருங்கிருந்து பார்க்கும் கதைக்கு நட்பு பாதுகாப்பான பொருள். காதல் அதன் மடிப்புகளுக்குள் வைக்கப்பட்டது. செவிலிக்குத் தெரியாமல் தலைவிக்கும் தோழிக்கும் இடையே நிகழும் அகப்பாடல் உரையாடலின் அமைப்பை இது ஒத்திருக்கிறது.

சொல்லப்படாத தடை

டோபியின் காதலுக்குத் தடை பணம். அது வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. மளிகைக் கடைக்காரர் மகன் செல்வர் வீட்டுப் பையன்களோடு போட்டியிட முடிவதில்லை, அவ்வேற்றத்தாழ்வே நகைப்பொருள். வாரன் பீட்டி தம் திரைவாழ்வின் தொடக்கத்தில் அத்தகைய செல்வ இளைஞனாக இத்தொடரில் சில அத்தியாயங்கள் நடித்துள்ளார். கறுப்பின மக்கள் பற்றி, 1963இன் அமெரிக்காவில் தெருக்களில் நிகழ்ந்துகொண்டிருந்தவை பற்றி, அத்தொடர் ஏறத்தாழ ஒன்றும் பேசவில்லை என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

தமிழ்ப் பள்ளித் தொடர்களின் மௌனம் சாதி. தமிழகத்தில் குடும்பப் பெயருக்கு மாற்றாகத் தந்தை பெயரின் முதலெழுத்தை இடும் வழக்கு, திராவிட இயக்கத்தின் தாக்கத்தால் வலுப்பெற்றது. இது வாழ்வில் பெரும்பேறு. திரைக்கதை எழுதுவோர்க்கோ அது ஒரு மறைவிடத்தையும் தந்துவிட்டது: பாத்திரத்தின் பெயரைக் கேட்டுச் சாதியை ஊகிக்கும் தேவை எழாதபடி எழுதிவிடலாம். சீருடை மிச்சத்தை மறைத்துவிடும். எழுத்தாளரைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியும் அண்டைக் குடியிருப்புகளும் கொளுத்தப்பட்டது ஒரு காதல் மணத்தை முன்னிட்டே. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்துகொண்ட பொறியியல் மாணவர் ஒருவர் பட்டப்பகலில் மக்கள் முன்னிலையில் வெட்டிக் கொல்லப்பட்டார். நிறுத்திவைத்த வினாவுக்கு இங்கு விடை கிட்டுகிறது. ஹெர்பர்ட் கில்லிஸ் சொன்னது இங்கு நிகழ்கிறது; நிகழக்கூடிய ஒன்றை எள்ளலாகக் கொள்வதற்கு வேண்டிய இடைவெளி நமக்கு இல்லை. சாதியைச் சொன்னால் தொடர் நகைச்சுவையாக நீடிக்காது. சொல்லாவிட்டால் காதலை முழுமையாகச் சொன்னதாகாது. கனா காணும் காலங்கள் இரண்டாவதைத் தேர்ந்து, காதலின் இடத்தில் நட்பை நிறுத்தியது. அதைக் கோழைத்தனம் என்போர் உளர். அவ்வாறு எளிதில் தள்ளிவிட எனக்கு இயலவில்லை. வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரே சோற்றுப்பெட்டியில் கைவைத்து உண்பதை நாள்தோறும் காட்டுவதும் ஒரு நிலைப்பாடே.

சட்டமும் இடையில் மாறியது. 2012க்கு முன் பெண்ணின் இசைவுக்கான அகவை 16. அவ்வாண்டின் போக்சோ சட்டம் 18 அகவைக்குட்பட்ட அனைவரையும் குழந்தைகள் என வரையறுத்தது. குழந்தைகளைக் காப்பதற்கு இன்றியமையாத அச்சட்டம், பதினோராம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரின் காதலில் பெண்வீட்டார் புகார் அளிக்கும்போது அம்மாணவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் பயன்படலாயிற்று. 2021 ஜனவரியில் இத்தகைய வழக்கொன்றை நீக்கிய சென்னை உயர் நீதிமன்றம், பதின்பருவக் காதலுறவுகளைத் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கமன்று எனக் கருதியது. 2006இன் திரைக்கதை எழுத்தாளர் எண்ணிப்பார்க்கத் தேவையில்லாதிருந்த ஒன்று, 2022இல் அதே பெயரில் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் வெளியிட்ட புதிய தொடரை எழுதியவர்முன் நின்றிருக்கும்.

புதிய தொடர் வரவேற்பறையில் பார்க்க வேண்டியதில்லை. வேளச்சேரியிலிருந்து கடற்கரை செல்லும் ரயிலில் காதொலிப்பான் அணிந்து கைப்பேசியில் அதைப் பார்த்த மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் கையிலிருந்து தொலை இயக்கியை வாங்கி அலைவரிசையை மாற்றுவார் எவருமில்லை. ஆயினும் அத்தொடரும் நட்பையே முதன்மைப்படுத்துவது, 2006இன் தேர்வு தந்தையர் கண்காணிப்பால் மட்டும் நேர்ந்ததன்று என்பதைக் காட்டுகிறது. நட்பு, தமிழ்ப் பதின்பருவக் கதையின் இலக்கணமாகவே ஆகிவிட்டது போலும்.

மூலங்கள் பற்றி

டோபி கில்லிஸின் அத்தியாயங்கள் அனைத்தும் 2013இல் குறுந்தகடுத் தொகுப்பாக வெளிவந்தன. யாரும் வாங்கிப் பார்த்து ஆராயலாம். 1988இல் வந்த மறுசந்திப்புத் தொலைக்காட்சிப் படத்தில் டோபியும் செல்டாவும் மணமுடித்து, அதே மளிகைக் கடையை நடத்துவதையும் காணலாம். மூக்கைச் சுளித்தவளிடமே களவு கற்பாயிற்று. தமிழ்த் தொடர்களை ஆராய்வோர்க்கு இவ்வாய்ப்பு அரிது. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டத்தால் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தைச் சேர வேண்டும். தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அத்தகைய சட்டக் கட்டாயம் இல்லை. வேளச்சேரிக்கு அண்மையில், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் காலணாப் பாட்டுப் புத்தகங்களையும் நாடக அறிவிப்புத் தாள்களையும் பேணிவருகிறது. அவற்றைக் குப்பை என எண்ணாத ஒரு தனிமனிதரின் சேகரிப்பிலிருந்து அது எழுந்தது. கனா காணும் காலங்கள் தொடரின் நடிகர்கள் இப்போது முப்பதுகளில் உள்ளனர். அவர்களிடமும் துணை இயக்குநர்களிடமும் அந்நாளைய உரையாடல் தாள்கள் எஞ்சியிருக்குமாயின், அவற்றின் ஓரங்களில் அடித்தும் திருத்தியும் எழுதப்பட்டவற்றிலிருந்து எந்தக் காட்சிகள் படமாகாமல் விடப்பட்டன என்பதை அறியலாம். இவ்வாய்வின் அடுத்த பகுதி அத்தாள்களைத் தேடுவதாக அமையும்.